மஞ்சக்காணியில் செம்மரம்

எங்கள் அத்தான் அய்யாக்கண்ணுவிடம் யாரும் தாகம் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னவரைச் சும்மா விடமாட்டார். ஒரு செம்பு கேட்டால் ஒரு குடம் வரும். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார். கன்றுக்குட்டி, காக்காய், கறிவேப்பிலைச் செடி, தபால்காரர் எல்லோருக்கும் ஒரே உபசாரம்தான். என் மனைவி கொல்லையில் வைத்திருந்த கற்றாழையைக்கூட அவர் தண்ணீர் ஊற்றியே அழுகடித்திருக்கிறார். கற்றாழையை அழுகடிக்கத் தனித் திறமை வேண்டும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பூதலூர் பக்கத்துக்காரர். கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் முதலில் எட்டிப் பார்க்கிற ஊர்கள் அவை. அவருடைய அப்பா ஊர் வாய்க்காலில் மடை மாற்றிவிடும் வேலை பார்த்தவர். இன்னார் வயலுக்கு இத்தனை நேரம் என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கொடுத்த மனுஷன். அவர் தோளில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு, தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டால் உலகத்தில் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது ஒரு நம்பிக்கை. நெல் விஷயத்தில் அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

என் அக்கா சௌந்தரநாயகியை அவருக்குக் கொடுத்தோம். எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றுப் பாசனம். அத்தானுடைய பங்குக்கு வந்த நிலம் கையகலம் என்பதால் கல்யாணமான மறுவருஷமே எங்கள் ஊருக்குக் குடிவந்து, குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்தார். உழைப்பாளி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. அக்காவை ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை. இதையெல்லாம் நான் சத்தியம் செய்து சொல்வேன்.

ஆனால் ஒன்று. கேட்டுச் செய்கிற பழக்கம் அவரிடம் இல்லவே இல்லை. செய்து முடித்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்து நிற்பார். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவுக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை எடுத்து வருவார். அக்காவுக்குப் பிடித்தது கருநீலம். மாவாட்டி மாவாட்டித் தோள் வலிக்கிறது, ஒரு கிரைண்டர் இருந்தால் தேவலை என்று அக்கா என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்த வருஷம், அத்தான் வண்டி வைத்துக் கலர் டிவி இறக்கினார். தெருவே கூடிப் பார்த்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டார் எழுதிக் கொடுக்கிற நிலத்துக்கு மஞ்சக்காணி என்று பெயர். மஞ்சள், குங்குமம், பூ என்று தன் செலவுக்கு அவள் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது. அப்பா அக்காவுக்கு என் வயலை ஒட்டித் தெற்குப் பக்கம் இரண்டு மா எழுதிக் கொடுத்தார். ஒரு ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். ஊரிலேயே நல்ல மண். அப்பாவுக்கு என்னைவிட அவள்மேல்தான் பாசம் அதிகம் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பத்திரச் சான்று அதுதான்.

அந்த வயலில் அக்காதான் எல்லாம். எந்த நெல் போடுவது, எப்போது நாற்றுப் பறிப்பது, எத்தனை ஆள் விடுவது, எல்லாம் அவள் வாய் வார்த்தை. வரப்பில் நின்று அவள் மடையை அடைக்கச் சொன்னால் அத்தானே மண்வெட்டியோடு ஓடிப்போய் அடைப்பார். அங்கே அவர் கூலியில்லாத கூலியாள். விளைந்த நெல்லை அவளே விற்பாள். அந்தக் காசில் என் பெண்ணுக்குக் காது குத்தியபோது தோடு செய்து போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. தை பிறந்தால் அந்த வயலில் விளைந்த புது அரிசியில்தான் பொங்கல் வைப்பாள்.

இப்படியிருந்தபோது தொண்ணூற்றொன்பதில் அத்தான் திருப்பதிக்கு மொட்டை போடப் போனார். மொட்டையோடு வேறு ஒன்றையும் கொண்டுவந்தார்.

மலைமேல் ஏறும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சன்னல் வழியாகக் காட்டிச் சொல்லியிருக்கிறார். இதுதான் செம்மரம். ஆந்திராவின் தென்கோடியில் கடப்பை, சித்தூர் பக்கத்து மலைகளிலும், அதை ஒட்டி நம் எல்லையில் கொஞ்சமும் தவிர, உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத மரம். ஜப்பான்காரன் தங்கத்துக்குச் சமமாக எடைபோட்டு வாங்குகிறான், வீணை மாதிரி ஏதோ ஒன்று செய்கிறான். அத்தான் காதில் ஜப்பானும் விழுந்தது, தங்கமும் விழுந்தது. ஆனால் அவர் மனதைத் தைத்தது வேறு. ஊருக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண்ணே கலங்கியிருந்தது.

"பாவம் மச்சான், கல்லு மேல நின்னு காயுது. எல இல்ல, தழ இல்ல, குச்சி குச்சியா நிக்குது. ஒரு குடம் தண்ணி ஊத்த நாதி இல்ல. அதையே நம்ம மண்ணுல கொண்டாந்து வச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு."

நான் நினைத்துப் பார்க்கவில்லை. மொட்டைக்குச் சந்தனம் பூசிக்கொள்ளுங்கள், வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்த மாசம் எங்கள் அம்மாவைக் கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அக்கா கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்து விட்டுவிட்டு, தன் வயலை ஒரு எட்டுப் பார்த்துவரலாம் என்று போனாள். நானும் கூடப் போனேன். வயலில் வரிசை வரிசையாகக் குழி. குழிக்கு ஒரு கன்று, கன்றுக்கு ஒரு குச்சி. வட்ட வட்டமாக மூன்று மூன்று இலை. இருநூறு இருக்கும். நடுவில் அத்தான், முளைத்தும் முளைக்காத தலையோடு, முகமெல்லாம் பல்லாக நின்றார். ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் அவளிடம் சொல்லவில்லையாம். தன் குத்தகை நிலத்தில் மரம் வைக்க முடியாது, சரி. அதற்காக மட்டும் இல்லையாம். கோடி வந்தாலும் அது சௌந்தரத்தின் பேரிலேயே வரட்டும் என்றுதான் அவள் காணியில் வைத்தாராம்.

அக்கா குனிந்து ஒரு கன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நெல் என்று ஒரு சொல் மட்டும் கேட்டாள். அத்தான், நெல்லு எங்கே வேண்டுமானாலும் விளையும் என்றார். நான் அங்கேயே சத்தம் போட்டேன். நன்செய் நிலத்தில் மரம் வைக்கிற பைத்தியக்காரத்தனத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை என்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஆசையாகச் செய்தவரை ஆள்கள் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம் என்று வழியில் சொன்னாள். 

அடுத்த பொங்கலுக்கு என் வயல் அரிசியில் ஒரு மூட்டை அனுப்பிவைத்தேன். திரும்பி வந்துவிட்டது. கடையில் வாங்கிய பழைய அரிசியில் பொங்கல் வைத்தாள். மறுவருஷமும் அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்தது. என் காணியில் விளையட்டும், அதுவரை புது அரிசி எனக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். எங்கள் குடும்பத்தில் பிடிவாதம் ஆளுக்குக் கொஞ்சம் உண்டு. பங்கு பிரித்ததில் அக்காவுக்குக் கூடுதலாகப் போய்விட்டது.

மரங்கள் வளர்ந்தன. வளர்ந்தன என்றால் சாதாரணமாக இல்லை. அத்தான் குறுவை, சம்பா என்று நெல்லுக்கு முறைவைத்துப் பாய்ச்சுகிற கணக்கிலேயே அதற்கும் பாய்ச்சினார். கோடையில் வாய்க்கால் வறண்டால் போர்செட் ஓடும். மலையில் மாசி பங்குனியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிற மரம், இங்கே வருஷம் முழுக்கப் பச்சைப் பசேல் என்று நின்றது. பார்க்க வந்தவர்களிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். அந்த நிழல் என் வயலில் நாலு வரிசை நெல்லைப் பால் பிடிக்கவிடாமல் செய்ததை யாரும் பெருமையாகச் சொல்லவில்லை. நான்தான் வரப்பில் நின்று திட்டிக்கொண்டிருப்பேன்.

யாராவது சந்தேகப்பட்டால் அத்தானிடம் ஒரு வித்தை இருந்தது. இடுப்பில் சொருகியிருக்கும் பேனாக்கத்தியை எடுத்து மரப்பட்டையில் சின்னதாக ஒரு கீறல் போடுவார். ரத்தம் மாதிரி சிவப்பாகப் பால் வடியும். விரலில் தொட்டு எல்லோருக்கும் காட்டுவார். பட்டையே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்பார்.  கீறல் விழாத மரமே அந்தத் தோப்பில் இல்லை என்று ஆகிவிட்டது.

பிறகு செம்மரக் கடத்தல் செய்தி டிவியில் வர ஆரம்பித்தது. அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. முள்கம்பி வேலி போட்டார், இரும்புக் கதவு வைத்தார், பூட்டு வாங்கினார். சாவி அவருடைய அரைஞாணில் தொங்கும். அதன் பிறகு தன் காணிக்குள் போய் ஒரு கீரை பறிக்க வேண்டும் என்றாலும் அக்கா அவரிடம் சாவி கேட்க வேண்டியிருந்தது. பூ வாங்கக் காசும் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. கேட்டதற்கு மேலேயே கொடுப்பார். அக்கா அதை வாங்கிக்கொள்ளும்போது தரையைப் பார்ப்பாள். 

காவிரியில் தண்ணீர் வராமல் சம்பா கருகிய வருஷம் எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரே போர்தான். அத்தான் முதலில் மரத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தை என் நெல்லுக்கு விட்டார். நெல் நாலு நாள் பொறுக்காது, மரம் நாலு மாசம் பொறுக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று கத்தினேன். மரம் வாய்விட்டுக் கேட்காது மச்சான், நாமதான் பார்த்து ஊற்றணும் என்றார். என் வயல் வைக்கோலாகப் போயிற்று. அவருடைய தோப்பு மட்டும் அந்த வறட்சியிலும் பளபளவென்று நின்றது. ஒரு வருஷம் அவர் முகத்தில் முழிக்காமல் ஆற்றுக்கு வேறு வழியில் போய்வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில், தோப்பின் வடக்கு ஓரத்தில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து என் வாய்க்காலை அடைத்துக்கொண்டு விழுந்தது. ஊறிப்போன மண், மரத்தின் கனம் தாங்கவில்லை. செம்மரம் நம்முடையதே ஆனாலும் வனத்துறை வந்து பார்க்காமல் கைவைக்க முடியாது. அவர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போன பிறகு, வாய்க்காலை விடுவிக்க மரத்தை இரண்டாக அறுப்பது என்று முடிவானது. பாபநாசத்தில் மர அறுவை மில் நடத்துகிற ரஹ்மத் பீவியை வரச் சொன்னோம். கணவர் இறந்த பிறகு மில்லைக் கையில் எடுத்து இருபது வருஷமாக நடத்துகிறவர். எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் நிலைவாசல் வைத்தாலும் மரத்தைத் தட்டிப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவோம். மெஷின் ரம்பத்தோடு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அத்தான் அன்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றோம். அக்கா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றாள். எனக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. எவ்வளவு திட்டினாலும் உள்ளே வைரம் பாய்ந்து நடுமரம் இறுகிச் சிவந்திருந்தால் அக்காவின் இத்தனை வருஷத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும் இல்லையா.

ரம்பம் இறங்கியது. பட்டையில் சிவப்பாக வடிந்தது. அதன் பிறகு வெள்ளைத் தூள் பறந்தது. பறந்துகொண்டே இருந்தது. மரம் இரண்டாகப் பிரிந்து உருண்டபோது நாங்கள் குனிந்து பார்த்தோம். அத்தனை பெரிய அடிமரத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளை. நட்டநடுவில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் சிவப்பு. அதுவும் சாயம் போன சிவப்பு.

ரஹ்மத் பீவி உட்கார்ந்து விரல் நகத்தால் வெள்ளையைக் கீறிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சொல்லத் தயங்கினார். அத்தான்தான் சொல்லச் சொன்னார்.

"மரம் நல்லாத்தாண்ணே வளந்திருக்கு. வைரந்தான் பாயல. மலையில தண்ணிக்கு ஏங்கி ஏங்கி நிக்குற மரந்தான் உள்ளுக்குள்ள வைரம் சேக்கும். நீங்க இத ஏங்கவே விடலையே."

யாரும் சிரிக்கவில்லை. அத்தானை வைத்துச் சிரிக்காத நாளே இல்லாத ஊர் அது. அன்று ஒவ்வொருவராக நகர்ந்து போய்விட்டார்கள். அத்தான் மரத்தின் அறுபட்ட பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெளுத்த சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. முதல்முறையாக எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தப் பாவம் மூன்று நாள்தான் தாங்கியது.

நாலாவது நாள் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் பழைய வெளிச்சம். யார் யாரிடமோ போனில் விசாரித்திருக்கிறார். மரத்தை வெட்ட வேண்டாம், தண்ணீரை நிறுத்திவிட்டால் இனிமேல் வைரம் ஏறும், இன்னும் பத்து வருஷம் பொறுத்தால் போதும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். போரை நிறுத்திவிட்டேன் என்றார். நல்லது என்றேன். ஆனால் சுற்றி நாலு பக்கமும் நெல் வயலாக இருக்கிறதே, ஊறி ஊறி உள்ளே வருகிறதே என்றார். ஆமாம், இது கடப்பை மலை இல்லை, காவிரிப் பாசனம் என்றேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை, இந்த மனுஷன் எங்கே வருகிறார் என்று.

"ஒரு பத்து வருஷம் உன் வயலத் தரிசாப் போட்டுடேன் மச்சான். மரம் காஞ்சுடும்."

நான் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. தெருவில் போன ஆள்கள் நின்று கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். கற்றாழையில் ஆரம்பித்து, கருகிய சம்பா வரை எல்லாவற்றையும் இழுத்தேன். நன்செய் வயலைத் தரிசாகப் போட்டுத் தண்ணீரைத் துரத்து என்று இந்த ஜில்லாவில் ஒருவன் சொல்கிறான் என்றால் அவனை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் ஒன்றுக்கும் கோபப்படவில்லை. சௌந்தரத்துக்காகத்தானே கேட்கிறேன், உன் அக்காதானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். அவள் வீடு நாலு வீடு தள்ளித்தான். வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். பிறகு அவரிடம் பேசினாள். எனக்குத் தெரிந்து அவரை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"பத்து வருஷத்துல மரத்துக்கு வைரம் பாஞ்சுடும். சரி. எனக்கு அப்ப எழுவத்திரெண்டு. இப்பவே முட்டி மடங்கல. நான் எப்பங்க என் வயல்ல எறங்குறது?"

அத்தான், நீ ஏன் இறங்க வேண்டும், ராணி மாதிரி உட்கார்ந்திரு, அதற்குத்தானே இவ்வளவும் என்றார். எனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லையே, எல்லாம் உனக்காகத்தானே என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"தெரியும். உங்க மனசு எனக்குத் தெரியாதா. ஆனா எங்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் அக்கா. "யார்கிட்டயும் போயி நிக்கக் கூடாதுன்னு எங்கப்பா குடுத்த காணி அது. இத்தன வருஷமா வெத்தலைக்குக்கூட உங்ககிட்டதாங்க வந்து நின்னேன்."

அத்தானின் கை அரைஞாணில் தொங்கிய சாவிக்குப் போய் அங்கேயே நின்றது.  அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். இத்தனை வருஷம் அவளுக்காக ஊரெல்லாம் கத்தினேன், அவள் மனதில் கிடந்தது இந்த ஒரு வாக்கியம்தான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பட்டா அவள் பேரில்தான் இருந்தது. மறுநாள் அவளே கிளம்பி வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனாள். அடங்கல் பதிவேட்டில் மரத்தை ஏற்றி, வனத்துறைக்கு மனுக் கொடுத்து, அவர்கள் வந்து அளந்து எண் போட்டு, அனுமதி கைக்கு வருவதற்குள் அவளை எத்தனை தடவை அலையவிட்டார்கள் என்பது தனிக் கதை. நான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். அத்தான் தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. அபுதாபியில் இருக்கிற அக்கா மகன் ரஞ்சித் போன் செய்து, அப்பா பாவம்மா, கொஞ்சம் விட்டுப்பிடியேன் என்றானாம். உன் அப்பாவுக்கு மூணு வேளையும் சுடச்சுடச் சோறு போடுகிறேன், கவலைப்படாதே என்று போனை வைத்துவிட்டாள்.

மாசியில் மரங்கள் இறங்கின. லாரி வைத்து எடுத்துப் போனார்கள். ஜப்பானுக்கு இல்லை. மண்வெட்டிக் காம்புக்கும் பந்தக்காலுக்கும். வெட்டின நாள்களில் அத்தான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பொக்லைன் வந்து வேர்க்கட்டைகளைப் பிடுங்கியபோது மட்டும் வந்து வேலிக்கு வெளியே நின்றார். வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது பார் மச்சான் என்று என்னிடம் சொன்னார். அந்தக் குரலில் பெருமை இருந்ததா, துக்கம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எதுவும் குத்திப் பேசவில்லை. அவரை வெயிலிலிருந்து நிழலுக்குக் கூப்பிட்டேன். எங்கேயும் நிழல் இல்லை.

குழிகளை மூடினோம். கோடை உழவு ஓட்டினோம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மண்ணை ஊறப்போட்டு, சேற்றுழவு ஓட்டி, மேடு பள்ளம் பார்த்துச் சமன் செய்தோம். இந்த வருஷம் சம்பா போடுவது என்று அக்கா சொன்னாள். எந்த நெல் என்பதையும் அவளே சொன்னாள். எனக்குப் பிடிக்காத ரகம். வாயை மூடிக்கொண்டேன்.

புரட்டாசியில் நடவு வைத்தோம். காலையிலேயே நாற்றுக்கட்டுகள் வரப்பில் வந்து இறங்கிவிட்டன. நடவுக்கு வந்த பெண்கள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வயலுக்குள் தண்ணீர் நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். நடவுக்குத் தண்ணீர் மெல்லிசாக நிற்க வேண்டும். அதிகமானால் நாற்று மிதக்கும். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் ஒரு கை ஊன்றி, மெல்லச் சேற்றில் இறங்கினாள். இறங்கியதும் என் தோளை விட்டுவிட்டாள்.

அத்தான் மண்வெட்டியோடு மடையில் நின்றார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. விடியும் முன்பே வந்து நின்றிருக்கிறார். வழக்கமாக ஒரே வெட்டில் மடையைத் திறந்து வயலை ஏரியாக்கிவிடுகிற மனுஷன், மண்வெட்டியை ஊன்றியபடியே நின்றார். நடவுப் பெண்களில் ஒருத்தி, பெரியவரே, தண்ணி விடுங்க, வெயில் ஏறுது என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"சௌந்தரம், எவ்வளவு விடட்டும்?"

 நான் நாற்றுக்கட்டைப் பிரிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.   அக்கா சேற்றில் இரண்டு எட்டு வைத்து, காலால் துழாவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தொறங்க. போதும்னா நான் சொல்றேன்."

அவர் மடையை வெட்டினார். தண்ணீர் வயலுக்குள் நுழைந்து அக்காவின் கால்வரை வந்தது. அவள் போதும் என்று சொல்லும்வரை அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.